இடப்பக்கத்துக் கட்டங்கள்

செப்டம்பர் 8, திங்கள்

அச்சுக்கடையில் இன்று மருந்துப் புட்டி லேபிள், நாலாயிரம். ஒரு தாளுக்கு இருபத்துநாலு. முதல் தாளே அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி வந்ததில் முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். நகர்த்திச் சரிசெய்து கொடுத்துவிட்டு வீடு வந்தால், என் அறைக்கு ஏறும் மாடிப்படியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். தங்கையிடம் உதவி கேட்க வேண்டும் என்றால் அவன் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆகிவிடும். அதே முகம்.

விஷயம் அவனுடைய கேம். ஞாயிறு மதியம் இருபது பேர் அவரவர் வீட்டிலிருந்து ஒன்றுகூடி ஒரு பூதத்தை அடிப்பார்கள். ஏழு வருஷமாக இவன்தான் தலைவன். பகலில் பள்ளி வேன் ஓட்டுவதால் குழுவில் இவன் பெயர் 'வேன்காரர்'. பூதம் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திரையில் எங்காவது ஒரு சிவப்புக் கட்டம் மின்னும். தலைவன் அதைப் பார்த்து "ஓடுங்க" என்று மைக்கில் கத்த வேண்டும். ஒரு மாதமாக இவன் கத்துவதில்லையாம். இருபது பேரும் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். போன வாரம் யாரோ "தலைவரை மாத்தலாமா?" என்றே கேட்டுவிட்டான்.

"கேம்காரன் ஸ்கிரீனைக் கெடுத்து வெச்சிருக்கான். கட்டம் கண்ணுலயே படல. நீதான் லேபிளை எல்லாம் இங்கயும் அங்கயும் நகர்த்தறவளாச்சே, இதையும் நகர்த்திக் குடு."

லேபிளும் கேமும் ஒன்றா? சரி என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 10, புதன்

ஆட்-ஆன் என்கிறார்கள். கேம் திரையின் மேல் நாமே எழுதி ஒட்டிக்கொள்கிற பெட்டி. கேம் கம்பெனியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இரண்டே ஃபைல். ஒன்றில் நான் யார், எந்தப் பதிப்பு என்ற விவரம். இன்னொன்றில் லுவா என்கிற குட்டி மொழியில் கட்டளைகள்.

அருமையான பாடம் ஒன்று கிடைத்தது. படம் போட்டு, பொறுமையாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. அதில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்கிறேன் — நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதில் இருக்கும் பாதிக் கட்டளைகள் இப்போது கேமிலேயே இல்லை. ஒரு முழு மாலை போச்சு. வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆட்-ஆன் செய்பவர்கள் பேசிக்கொள்கிற தளத்தில் என் கேள்வியைப் போட்டிருந்தேன். 'ஆந்தை' என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். ஆணா பெண்ணா தெரியவில்லை. வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது.

"பாடத்தைத் தூக்கிப் போடு. கேமோட ஸ்கிரீன் ஃபைல்களையே வெளிய எடுத்துப் படி. அவங்க கட்டம் போட்டிருக்கற மாதிரியே நீயும் போடு."

அதோடு இரண்டு கருவிக்குச் சுட்டி. எந்த வரியில் தப்பு என்று பிடித்துக்கொடுப்பது ஒன்று. திரையில் எந்தப் பெட்டி மேல் மவுஸை வைத்தாலும் அதன் பெயரைச் சொல்வது இன்னொன்று. கேமை மூடித் திறக்க வேண்டாம், 'ரீலோட்' என்று அடித்தால் போதும் என்பதையும் ஆந்தைதான் சொன்னது. மூன்று நாளாக நான் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நகர்ந்தது! என் கட்டம், நான் சொன்ன இடத்துக்கு நகர்ந்தது! செங்கல் அளவுக்குப் பெரிதாக்கினேன்.

— மாலை. அண்ணனின் ஆட்டம் இன்றும் ஊத்திக்கொண்டது. வலப்பக்கம் மின்னியபோதெல்லாம் கத்தினானாம். "இடது பக்கம் உன் கட்டம் வரவேயில்ல. கோளாறு." இடப்பக்க அளவில் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் போல.

செப்டம்பர் 17, புதன்

தப்பைப் பிடிக்க ஒரு பயிற்சி எழுதினேன். எனக்குத் தெரிந்த தாளைத்தான் எடுத்துக்கொண்டேன்: லேபிள் தாளைப் படுக்கவைத்த மாதிரி திரை முழுக்க இருபத்துநாலு இடம், குறுக்கே எட்டு, கீழாக மூன்று. நடுவில் ஒரு கூட்டல் குறி. கண் அதிலேயே இருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் அரை நொடி கட்டம் மின்னும், பார்த்ததும் பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினானா, எத்தனை நொடியில் தட்டினான் என்பதெல்லாம் ஒரு ஃபைலில் ஏறிவிடும்.

கேமை ஒழுங்காக மூடினால்தான் ஃபைலில் ஏறும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மகராசன் கம்ப்யூட்டரைச் சுவிட்சிலேயே அணைத்துவிட்டான். அத்தனையும் போச்சு.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்றைய சுற்றின் ஃபைல் கிடைத்தது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று வரிசை, ஒன்பது கட்டம். தட்டியது பூஜ்யம். மீதிப் பதினைந்தில் பதினாலு. அப்படியென்றால் இடப்பக்கக் கட்டங்கள் திரைக்கே வரவில்லை. என் மடிக்கணினியில் எல்லாம் வருகிறது. அவனுடையது அகலத் திரை — கட்டம் விளிம்பைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. அதேதான். கண்டுபிடித்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

கண்டுபிடிக்கவில்லை. அளவை நடுவிலிருந்து எடுத்தேன், விளிம்பிலிருந்து எடுத்தேன், திரை அகலத்தைக் கேமிடமே கேட்டு எடுத்தேன். தினமும் அவனை உட்காரவைத்து ஒரு சுற்று. தினமும் இடப்பக்கம் பூஜ்யம். ஏழு ஃபைல் ஆச்சு. "உனக்கு வரலைன்னா விட்டுடு" என்கிறான். அவன் அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பிடிவாதம் ஏறுகிறது. எழுதியதை எல்லாம் அப்படியே ஆந்தைக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆந்தையிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். எல்லா எச்சரிக்கையையும் திரை நடுவுக்கே கொண்டுவந்து, கூடவே ஒரு மணிச் சத்தமும் சேர்த்துவிட்டேன். தப்பு என்னவென்று தெரியாமலே தப்பைச் சுற்றிக்கொண்டு போவது — கடையில் யாராவது செய்தால் காதைத் திருகுவேன். நானே செய்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெயித்தார்கள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. மைக்கில் இருபது பேரும் போட்ட கூச்சல் மாடி வரைக்கும் கேட்டது. அண்ணன் படியேறி வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினான்.

"பாத்தியா? கண்ணை டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணுன்னு உங்க அண்ணி என் உயிரை வாங்கறா. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கிரீன்தான் கோளாறு."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆந்தை: "முழுசாப் படிச்சேன். தப்பே இல்ல. அதே கம்ப்யூட்டர்ல நீ உக்காந்து பண்ணிப் பாத்தியா?"

இல்லை. அவன் நாற்காலியில் அவன் யாரையும் உட்காரவிட மாட்டான், அதனால் நானும் கேட்கவில்லை. இத்தனை நாளில் இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்கு எட்டவில்லை. வெட்கக்கேடு.

அக்டோபர் 1, புதன்

அவன் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்துநாலுக்கு இருபத்துநாலு.

இன்னொரு தடவை. இருபத்துநாலு.

மூன்றாவது தடவையும் அதேதான். இடப்பக்கக் கட்டங்கள் ஒழுங்காக, அழகாக, சிவப்பாக வருகின்றன. முதல் நாளிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. இரண்டு பேருடைய ஃபைலையும் அனுப்பினேன். ஆந்தை ஒரே வரி: "நீ எழுதினது சரி. ஆளைப் பாரு."

அந்த ஆள் இப்போது முப்பத்திரண்டு பிள்ளைகளை வண்டியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதில் ஒன்று அவன் பெற்றது.

அக்டோபர் 2, வியாழன்

களைப்பாக இருந்திருக்கலாம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவன். ஆனால் ஏழு நாளும் இடப்பக்கம் மட்டும் களைப்பா?

கடையில் லேபிள் தாளிலேயே அச்சடித்துப் பார்த்தேன். அவன் தவறவிட்ட கட்டம் கறுப்பு, சில நாள் மட்டும் தவறவிட்டது சாம்பல், பார்த்தது வெள்ளை. ஏழு நாளையும் சேர்த்து ஒரே தாள். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லெஃப்ட்ல இங்க் கொட்டிடுச்சா?" என்றார்.

வேனின் இடது கண்ணாடி இந்த வருஷம் இரண்டு தடவை உடைந்தது. கேட் தூணில் உரசிய கோடு இடப்பக்கம். சாப்பிடும்போது இடப்பக்கம் வைத்த தண்ணீரைத் தட்டிவிடுவான், அண்ணி கத்துவாள், அது எங்கள் வீட்டில் தினசரி வேடிக்கை. கண்ணெதிரில் நடந்ததை எல்லாம் சிரித்துச் சிரித்தே விட்டிருக்கிறேன். நான்தான் பெரிய தப்புக் கண்டுபிடிக்கிறவள்!

அக்டோபர் 3, வெள்ளி

தாளைக் காட்டினேன். நன்றாகப் பார்த்தான், தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி. அந்தத் திருப்பல் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"கேம் காகிதத்தைக் காட்டி என் கண்ணைக் குறை சொல்றியா?"

"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்ணா. ஒண்ணும் இல்லன்னா என்னைத் திட்டு."

"அரையாண்டு லீவு விடட்டும், பாக்கலாம்."

லீவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிழிப்பான் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அக்கா அடையாள அட்டை எடுக்கக் கடைக்கு வந்திருந்தார். ஃபோட்டோவுக்கு முடியைச் சரிசெய்துகொண்டே பெருமையாகச் சொல்கிறார்:

"உங்க அண்ணனுக்கு நான்தான் லெஃப்ட் கண்ணாடி, தெரியுமா? 'அக்கா, லெஃப்ட்ல என்ன வருதுன்னு சொல்லிட்டே வாங்க'ம்பாரு. மூணு மாசமா இதான். கண்ணாடி ஆடுதாம். சைக்கிள் வருது, ஆட்டோ வருது, நாய் நிக்குதுன்னு நான் கத்திட்டே போவேன். பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு."

கண்ணாடி ஆடவில்லை. போன மாதம்தான் புதிதாக மாட்டினான், திருகாணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

அவனுக்குத் தெரியும். மூணு மாசமாத் தெரியும். எனக்கு முன்னாடியே அவன் ஒரு ஆட்-ஆன் செஞ்சு வெச்சிருக்கான், அதுக்கு ஒரு அக்காவைப் பிடிச்சு!

அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அக்கா சொன்னார்: "வியாழக்கிழமைலேருந்து ஒரு வாரம் நான் வர மாட்டேன். பொண்ணுக்கு இது பிரசவ மாசம்." அவருக்குப் பதிலாக ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். "ஒரு வாரம்தானே, அவரே சமாளிச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு."

வியாழனுக்கு நடுவில் இரண்டு நாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அண்ணியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக நறுக்க ஆரம்பித்தாள்.

"அவரு இந்த ஒரு வேலையைத்தான் கத்துக்கிட்டவரு. வண்டியைப் பிடுங்கிட்டா அப்புறம் மனுஷன் என்ன ஆவாருன்னு யோசிச்சியா? உன் கேமை வெச்சு எங்க பொழைப்புல கை வைக்காத."

"உங்க பொண்ணும் அதுலதான் போறா அண்ணி."

அழுகிறாளா வெங்காயமா தெரியவில்லை.

அவனிடமும் நேராகப் போய்ச் சொன்னேன். வியாழக்கிழமை வண்டியை எடுக்காதே, அக்கா சொல்லிட்டாங்க, எனக்கு எல்லாம் தெரியும். முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் கத்தினான். "பதினாலு வருஷம்டி! ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? சொல்லு, உண்டா?"

இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. கீறல் விழுந்த பிறகா நான் பேச வேண்டும்? நானே நடுவுக்கு நகர்த்திக் கொடுத்து, மணி அடிக்கவைத்து, கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு அவன் வாயால சொல்ல வெச்சதும் நான்தானே? எல்லாக் கண்றாவியையும் நானே பண்ணிட்டு இப்ப யார் மேல கோபப்படறேன்?

அக்டோபர் 8, புதன்

பள்ளிக்கூட வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். காவலாளி இரண்டு தடவை "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது உள்ளே போய்விட்டேன்.

வண்டிகளுக்குப் பொறுப்பானவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தாளை மேஜை மேல் வைத்தேன், இன்னொரு பிரதி அச்சடித்து வைத்திருந்தேன். இது ஒரு கேம் என்று ஆரம்பித்தேன். கேவலமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. கறுப்புக் கட்டங்களின் மேல் விரலை வைத்து மெதுவாக எண்ணினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி."

"கூடப் பிறந்த தங்கச்சியா?"

ஆமாம் என்றேன். டாக்டர் சான்றிதழ் வரும்வரை வண்டி கிடையாது என்று அவனுக்கு அவரே ஃபோன் செய்வதாகச் சொன்னார். யார் சொன்னார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லுங்கள் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

வேனை வேறு ஒருவர் ஓட்டி வந்தார். அண்ணன் வாசலில் நின்றான், சட்டை இஸ்திரி போட்டு, ஓட்டப் போகிறவன் மாதிரியே. வண்டி கிளம்பியதும் மகள் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனாள். வண்டி அவனுக்கு இடப்பக்கமாகப் போயிற்று. அவன் நேரே எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கை தூக்கவில்லை.

கோபத்தில் ஆட்டவில்லையா, தெரியாமல் ஆட்டவில்லையா? மாடியிலிருந்து நான்தான் ஆட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

"இனிமே என் கம்ப்யூட்டர் பக்கம் வராத." அவ்வளவுதான் பேசினான்.

அக்டோபர் 16, வியாழன்

அண்ணி மாடிக்கு வந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு. கையில் இரண்டு தாள், கண் ஆஸ்பத்திரியில் கொடுத்தது, ஒரு கண்ணுக்கு ஒன்று.

"கிண்ணம் மாதிரி ஒண்ணுல தாடையை வெச்சுக்கணுமாம். நடுவுல ஒரு புள்ளி, அதையே பாக்கணுமாம். அங்கங்க வெளிச்சம் வரும், வந்தா பட்டனை அமுக்கணுமாம். வெளிய வந்து, 'அவளோட கேம் மாதிரியேதான் இருந்துது'ன்னாரு."

தாள்களை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அச்சுக்கடைப் பழக்கம். இரண்டிலும் கறுப்பாக இருக்கிற இடம் இடப்பக்கம். என் தாளில் இருந்ததேதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, வலது கண்ணில் மூக்குப் பக்கம், அதாவது இடப்பக்கம், ஆரம்பித்திருக்கிறது. போனது போனதுதான். மீதியைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். வண்டி, இனி இல்லை. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா ரெண்டு கண்ணும்..." என்றவள் என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். கீழே அவனுக்குக் கேட்டிருக்கும்.

அக்டோபர் 27, திங்கள்

பள்ளிக்கூடத்தில் அவனை அலுவலகத்துக்குள் போட்டிருக்கிறார்கள். எந்த வண்டி எந்தத் தெரு, எந்தப் பிள்ளை எங்கே இறங்கும் என்று ஃபோனில் சொல்கிற வேலை. தெருவெல்லாம் தலைக்குள் இருக்கிறதே. என்னிடம் பேச்சில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட மகளைவிட்டுத்தான் கேட்கிறான்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆந்தை விடவில்லை. "நடுவுல எச்சரிக்கை, மணிச் சத்தம். இது நிறையப் பேருக்கு உதவும். வெளிய விடு." எல்லாரும் இறக்கிக்கொள்கிற தளத்தில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன்னால் பயிற்சியை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த இருபத்துநாலு கட்டத்தை இனிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பதினோரு பேர் இறக்கியிருக்கிறார்கள். ஒருவர், மணிச் சத்தம் தன் வீட்டு நாயை எழுப்பிவிடுகிறது என்று புகார்.

நவம்பர் 19, புதன்

அவன் என்னிடம் பேசி நாற்பது நாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மதியம் தளத்தைத் திறந்தால் ஆட்-ஆனுக்குக் கீழே ஒரு புதிய கருத்து. எழுதியவர் பெயர்: வேன்காரர்.

"இதைச் செய்தவருக்கு. ஆட்-ஆன் நல்லா இருக்கு. முன்னாடி இதுல இருபத்துநாலு கட்டத்தோட ஒரு பயிற்சி இருந்துது. அதைக் காணோம். திரும்ப வைங்க. எனக்கு இடது பக்கம் தெரியாது. தெரியலன்னு உள்ளுக்குள்ள தெரியும், ஆனா ஒத்துக்கல. வேன் ஓட்டிட்டிருந்தேன். எவ்வளவு போயிருக்குன்னு அந்தக் கட்டத்தை வெச்சுத்தான் தெரிஞ்சுது. இப்ப ஓட்டறதில்ல. கட்டம் விட்டுப்போனா கண் டாக்டரைப் பாருங்கன்னு பெரிசா எழுதிப் போடுங்க. வலது பக்கமா எழுதுங்க."

அதற்குக் கீழே அவன் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர். "அண்ணே, எங்ககிட்ட சொல்லவேயில்லயே." "நீங்கதான் தலைவரு, பேசாம வாங்க."

எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. பிறகு பழைய ஃபைலைத் தேடினேன். நான் அழித்திருந்தேன், ஆந்தையிடம் ஒரு பிரதி இருந்தது. கேட்ட ஐந்தாவது நிமிஷம் வந்துவிட்டது, வழக்கம்போல வணக்கம் இல்லாமல். சேர்த்தேன். இரண்டு தடவை ரீலோட். வலப்பக்கம் எழுத்தைப் போட்டேன். புதிய பதிப்பை ஏற்றிவிட்டு அவன் கருத்துக்குக் கீழே, "வெச்சாச்சு. பாத்துச் சொல்லுங்க" என்று எழுதினேன்.

கால் மணி நேரம். கீழே நாற்காலி நகர்ந்தது. படியில் காலடி, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு ஏறுகிற சத்தம். கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்."

"எவ்வளவுண்ணா?"

உள்ளே வந்து, என் நாற்காலிக்கு இடப்பக்கமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், திரை முழுக்க அவனுக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி.

"பெரிசாக்கிட்டே வா. போதும்போது சொல்றேன்."